நிற்காத இரண்டாம் கியர்

முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை மெக்கானிக் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் முதுகைத் திருப்பியதும் பெயர் ‘தீர்ப்பு’ ஆகிவிடும். அந்தப் பட்டம் அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார், ஏனென்றால் உள்ளூர அவருக்கு அது பிடித்திருந்தது.

பழைய டிராக்டரின் கியர்பாக்ஸ் என்றால் அவரிடம்தான் வரவேண்டும். புது வண்டிகளை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அவருடைய வேலை முறையே தனி. வண்டி வந்ததும் ஸ்பானரைத் தொடமாட்டார். ஏறி உட்கார்ந்து ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டுவார், ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பார், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு இறங்கி, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, வண்டியின் மட்கார்டில் நோய் இன்னது, காரணம் இன்னார் என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுவார். அதற்கப்புறம்தான் பெட்டியைத் திறப்பது.

நியூட்ரலில் இரைச்சல், கிளட்ச்சை மிதித்தால் அமைதி என்றால் முன் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பல். எல்லாக் கியரிலும் ஊளையிட்டால் பெட்டியில் எண்ணெய் இல்லை, ஓட்டுகிறவருக்கு மூளை இல்லை. இந்தக் கடைசி வாசகத்தையும் அவர் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருக்கும். பத்தாவது தப்பாகிப் போனால், பெட்டியைத் திறந்த கையோடு மட்கார்டில் சாய்ந்து, தற்செயலாகப் படுகிற மாதிரி முழங்கையால் எழுத்தைத் துடைத்துவிடுவார். பக்கத்து லேத் பட்டறைக்காரர் இதை நான்கைந்து தடவை பார்த்திருக்கிறார். அவர் நல்ல மனிதர், ஊர் முழுக்க மட்டும்தான் சொன்னார்.

வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸி நின்றுபோனால் காரணம் அதில் அளவுக்கு மேல் திணித்தவர். குழாய் சொட்டினால் காரணம் அதை இறுக்கித் திருகியவர். கல்யாணமாகிப் போன மகள் போனில் இருமினால்கூட இவர் இங்கிருந்தே காரணம் சொல்லுவார். மனைவி ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டாள், இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நீங்கள் எதற்காவது காரணமாக இருந்ததுண்டா என்று. அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அதில் கேலி இருந்ததே அவருக்கு உறைக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு தங்கை. தங்கை கணவர் ஒரு பழைய டிராக்டர் வைத்திருந்தார். ஒருகாலத்தில் நீல நிறமாக இருந்தது, இப்போது அதற்கு நிறம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த மனிதர் ஓட்டுவதைப் பார்க்கவேண்டும். பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, குறுகலான சந்துக்குள், கூட வந்தவரிடம் பேச்சை நிறுத்தாமலே ரிவர்ஸில் நுழைத்துவிடுவார். வேறு பெருமை எதுவும் இல்லாத மனிதருக்கு இந்த ஒன்று இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டியில் இரண்டாம் கியர் நழுவ ஆரம்பித்தது. போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். மச்சான் இருக்க வேறு யாரிடம் போவது? மெக்கானிக் பெட்டியைத் திறந்து, தளர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றி மூடிக் கொடுத்தார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. நான்காம் மாதம் மறுபடியும் நழுவியது.

அன்றைக்கு ஷெட் வாசலில் நல்ல கூட்டம். லேத்காரர், டயர் கடைக்காரர், டீ குடிக்க வந்தவர்கள் என்று பத்துப் பேர் இருப்பார்கள். மெக்கானிக் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார். அவர் கை பட்ட பெட்டியில் கோளாறு வருமா, அதற்கு வாய்ப்பே இல்லை. சாக்பீஸை எடுத்தார். ‘2ம் கியர் பல் தேய்வு. காரணம்: ஓட்டுபவர்’ என்று எழுதினார். எழுதியதோடு விட்டிருக்கலாம். ஆள் சேர்ந்திருக்கிறதே, விடுவாரா? சில பேர் கியரைப் போட்ட பிறகும் குழந்தையின் தலையில் வைப்பதுபோல கியர் கம்பி மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள், அந்தக் கையின் கனம் உள்ளே இறங்கிப் பல்லைத் தின்றுவிடும், கடைசியில் பழி மெக்கானிக் தலையில் விழும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். அப்படி ஓட்டுகிறவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து நடித்தும் காட்டினார். பத்துப் பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

 தங்கை கணவர் பெட்டியைத் திறக்க விடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் ஷெட்டையும் மிதிக்கவில்லை, மச்சான் வீட்டையும் மிதிக்கவில்லை. டிராக்டர் ஓட்டுவதையும் அன்றோடு விட்டுவிட்டார். ஓட்டத் தெரியாதவன் எதற்கு ஓட்டவேண்டும் என்று மனைவியிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். தங்கை கற்றுக்கொண்டாள். மனைவி ஓட்ட, அவர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து போவார். மெக்கானிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. உள்ளதைச் சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா, வரவேண்டியவர் வரட்டும் என்று அவரும் விறைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கைதான். அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது தனியாக வந்து பார்த்துவிட்டுப் போனாள். தன் வீட்டுக்கு மாடி கட்டியபோது, கணவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு வீட்டிலும் அவள் பாதிப் பாதியாகவே இருந்துவந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் போன மாதம் ஒருநாள் காலையில் அந்த டிராக்டரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாளாம், உழவேண்டுமாம். முதல் கியரில் உழுதால் வண்டி ஊர்கிறது, மூன்றாவதில் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. உழவுக்கு இரண்டாவதுதான் சரி. இத்தனை வருஷமாகச் சின்னச் சின்ன வேலைகளுக்கு அது இல்லாமலே சமாளித்தாயிற்று, இனி முடியாது.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். தங்கை அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, எனக்கு இன்னைக்கு ரெண்டு வேலை நடக்கணும். கியர் சரியாகணும். அவரும் உன் வீட்டுக்குள்ள வந்து உட்காரணும். ஒண்ணு மட்டும் நடந்தா எனக்குப் போதாது.”

முதலாவது தன் வேலை, இரண்டாவது மாப்பிள்ளையின் வேலை என்றார் மெக்கானிக். அவர் எங்கே வரப்போகிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் வந்திருக்கிறார் என்றாள் தங்கை. தெரு முனை வரைக்கும் மட்கார்டில் உட்கார்ந்து வந்து, அங்கே இறங்கி டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். இந்தத் தெருவுக்குள் அவர் கால் வைக்கமாட்டாராம். வந்தும் வராத கணக்கு.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கும்வரை இரண்டாம் கியர் சமர்த்தாக இருந்தது. காலை எடுத்ததும் ‘டக்’கென்று கம்பி தானாக நியூட்ரலுக்குத் துள்ளியது. இறங்கினார், சாக்பீஸை எடுத்தார். வெட்கமே இல்லாமல் அதே வாசகம். பல் தேய்வு, காரணம் ஓட்டுபவர்.

தங்கை படித்தாள். அவர் ஓட்டிப் பதினோரு வருஷமாகிறது, ஓட்டுகிறவள் நான் என்றாள். கெடுத்தது அவர், அனுபவிக்கிறது நீ என்று மெக்கானிக் விளக்கம் கொடுத்தார். அவள் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் அண்ணியிடம் போய்விட்டாள்.

மெக்கானிக் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். அடியில் தட்டை வைத்து எண்ணெயை இறக்கினார். கியர் கம்பியைக் கழற்றி, மேல்மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியை நெம்பினார். அடியில் பச்சை கேஸ்கெட் தாள். அவரே கத்தரித்தது, நான்கு முனையையும் வளைத்து வெட்டுவது அவர் பழக்கம். பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டு கசியவில்லை. வேலை என்றால் இதுதான் வேலை என்று தன்னைத்தானே ஒரு தடவை மெச்சிக்கொண்டு டார்ச்சை அடித்தார்.

பல் நன்றாக இருந்தது.

துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஓரத்தில் லேசான மழுங்கல், அவ்வளவுதான். இன்னும் இருபது வருஷம் ஓடும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பல் இல்லையென்றால் வேறு என்ன? உள்ளே கியரைப் பிடித்து நகர்த்துகிற கவை ஒன்று உண்டு, ஃபோர்க் என்பார்கள். அது ஒரு தண்டின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்தார். ஆடியது. ஆடவே கூடாத சாமான் அது. ஃபோர்க் தண்டில் ஆடினால் கியர் பாதிதான் போய்க் கவ்வும், பாதி கவ்வினால் நழுவத்தான் செய்யும். போல்ட்டைத் தொட்டார். ஸ்பானரே வேண்டியிருக்கவில்லை, விரலிலேயே சுற்றியது.

அந்தப் போல்ட் அதிர்வில் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அதன் தலையில் ஒரு துளை இருக்கும். துளை வழியாகக் கம்பியைக் கோத்துத் தண்டோடு முறுக்கிக் கட்டவேண்டும். பெட்டியை மூடுவதற்கு முன் செய்கிற கடைசி வேலை அது. துளையில் கம்பி இல்லை.

அறுந்து விழுந்திருக்கும் என்றார் அவர், யாரும் கேட்காமலே. அறுந்த கம்பி பெட்டிக்குள்தானே கிடக்கவேண்டும்? இறக்கிய எண்ணெய் முழுவதையும் துணியில் வடிகட்டினார். கொஞ்சம் கசடு வந்தது. காந்தத்தை நூலில் கட்டிப் பெட்டியின் அடியில் மூலை மூலையாக இழுத்தார். இரும்புத் தூள் வந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். ஒரு துண்டுக் கம்பி, அரைத் துண்டுக் கம்பி, எதுவும் இல்லை.

டீ கொண்டுவந்த மனைவி, கன்னத்தில் எண்ணெயோடு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து நின்றாள். இருபது நிமிஷமாக இந்த ஷெட்டில் யாரையும் திட்டுகிற சத்தமே கேட்கவில்லையே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டாள். பின்னாலேயே தங்கையும் வந்தாள். மெக்கானிக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது.

“இந்தப் பெட்டியை இடையில வேற யாராவது திறந்தாங்களாம்மா?”

“நான் எத்தனையோ தடவை சொன்னேன், வேற மெக்கானிக்கிட்டக் காட்டலாம்னு. அவர் விடலை. உங்க அண்ணன் கை வச்ச பெட்டியை வேற எவனும் தொடக் கூடாதுன்னுட்டார்.”

மெக்கானிக் டீயை வாங்கிக் கீழே வைத்தார். இருவரும் போன பிறகு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவு வந்தது, பாழாய்ப் போன நினைவு. ஸ்பிரிங்கை மாற்றுவதற்காகக் கழற்றிய போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு, கம்பியை வெட்டக் கட்டிங் பிளேயரை எடுத்தபோது லேத்காரர் வந்தார். வேறொரு ஊர் மெக்கானிக் எவனோ வேலையில் கவனக்குறைவாக இருந்து ஒரு வண்டியைக் கெடுத்த கதையைச் சொன்னார். கவனக்குறைவு என்ற வார்த்தையைக் கேட்டதும் இவருக்குச் சூடேறிவிட்டது. கவனம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார், எடுத்துக்கொண்டே மூடியைப் போட்டு மூடிவிட்டார். கம்பி வெளியிலேயே கிடந்துவிட்டது.

போல்ட்டை இறுக்கி, கம்பி கோத்து, இரண்டு தடவை முறுக்கிக் கட்ட அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. புது எண்ணெய் ஊற்றி மூடி, தெருவில் ஓட்டிப் பார்த்தார். காலை எடுத்தாலும் இரண்டாம் கியர் அசையவில்லை. தங்கை வாசலுக்கு ஓடிவந்தாள். பதினோரு வருஷமாக நிற்காத கியர் நின்றதில் அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. லேத்காரரும் வந்து, தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டே சரி பண்ணிவிட்டீர்களே, உங்கள் கையே கை என்றார்.

இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிட்டால் போதும். பெட்டி மூடியாயிற்று. உள்ளே என்ன இருந்தது என்று அவரைத் தவிர ஒரு ஜீவனுக்குத் தெரியாது. மட்கார்டில் எழுத்து அப்படியே இருக்கிறது, வெளியிலும் நல்ல பெயர். மெக்கானிக் அதையெல்லாம் நினைக்காமல் இல்லை, நன்றாகவே நினைத்தார். அவர் வாய்கூட ‘அது ஒண்ணுமில்ல’ என்று தொடங்கிவிட்டது. ஆனால் இவர் கை வைத்த பெட்டியை எவனும் தொடக் கூடாது என்று சொன்ன மனிதர் தெரு முனையில் உட்கார்ந்திருந்தார். வண்டியை விட்டு இறங்கி, எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் டயர் கடையை நோக்கி நடந்தார். ஒன்றும் புரியாமல் தங்கை பின்னால் போனாள். என்னவோ நடக்கப்போகிறது என்று லேத்காரரும் போனார், அவர் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டயர் கடைக்காரர் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் தங்கை கணவர், ரோட்டின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி. தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை நாளாகிறது என்று மெக்கானிக்குத் திடுக்கென்றது. நடந்து வரும்போது கோத்துவைத்த வாக்கியமெல்லாம் மறந்துபோனது.

“மாப்பிள்ளை, பல்லு தேயலை. ஸ்பிரிங் மாத்தின அன்னைக்கு நான் போல்ட்டுக்குக் கம்பி கட்டாம மூடிட்டேன். தப்பு என்னோடது. உங்க கை மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவர் திரும்பவில்லை. தங்கைதான் முதலில் கேட்டாள், எவ்வளவு கம்பி என்று. மெக்கானிக் தன் சுண்டுவிரலைக் காட்டினார். அவள் அங்கே அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனூண்டு கம்பிக்கா என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அண்ணன் மேல் வந்த கோபமா, கணவர் மேல் வந்ததா, போன வருஷங்களை நினைத்தா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தங்கை கணவர் மெதுவாகச் சொன்னார்: “நான் கையை வைப்பேன் மச்சான்.”

மெக்கானிக்குப் புரியவில்லை.

“கியர் கம்பி மேல கையை வச்சுத்தான் ஓட்டுவேன். நீங்க டின் மேல உட்கார்ந்து காட்டினீங்களே, அப்படியேதான். எனக்கு உங்க மேல கோபம் கிடையாது. நிஜத்தைச் சொல்லிட்டீங்க, எப்படி உங்க மூஞ்சில முழிக்கிறதுன்னு இருந்துட்டேன்.”

 பதினோரு வருஷமாக மெக்கானிக் அதை ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை பெட்டிகளைக் கேட்டே கண்டுபிடித்தவர், சொந்தத் தங்கை கணவர் வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறார் என்பது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. கையை வைத்து ஓட்டினால் பல் தேய எத்தனையோ காலமாகும், உங்கள் வண்டியில் பல் புதுசு மாதிரி இருக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

அன்றைக்குப் பத்துப் பேர் இருந்தார்கள் என்றார் தங்கை கணவர். அவ்வளவுதான் சொன்னார். மெக்கானிக்குப் புரிந்தது. டயர் கடைக்காரரைப் பார்த்து, அன்றைக்கு மாப்பிள்ளை வண்டியைப் பற்றித் தான் சொன்னது முழுக்கத் தப்பு, கம்பி கட்டாமல் விட்டது தான்தான் என்று உரக்கச் சொன்னார்.

டயர் கடைக்காரர் ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, எந்த வண்டி என்று கேட்டார்.

மெக்கானிக் லேத்காரரைப் பார்த்தார். அவரும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பதினோரு வருஷமா என்றார். எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து நடித்துக் காட்டியதை எடுத்துச் சொன்ன பிறகும் அவருக்குப் பிடிபடவில்லை.

“நீங்க தினம் ஒருத்தரைச் சொல்லுவீங்க, நாங்க தினம் சிரிப்போம். எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?”

தங்கை கணவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தெரு முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துத்தான் அவர் முனையிலேயே இறங்கியிருந்தார். சிரித்தவர்கள் அன்று சாயங்காலமே மறந்துவிட்டிருந்தார்கள். அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஆனால் முகம் கோணிக்கொண்டு போனது.

மெக்கானிக் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு ஞாபகம் இருக்கு மாப்பிள்ளை.”

தங்கை கணவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அப்போ நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேனா?”

“நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க.”

“இன்னொரு தடவை சொல்லுங்க மச்சான்.”

மெக்கானிக் சொன்னார்.